வரி வாசல்: “அந்த வருஷம் நீ எங்கே இருந்தாய்?”

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தன: அமெரிக்கப் படைவீரரின் வரியும், அவர் எங்கே பணியில் இருந்தார் என்பதற்கான ஆதாரமும். சிங்கப்பூரின் செம்பவாங், ஈசூன் பக்கம் அமெரிக்கக் கடற்படைக்காரர்களுக்குப் பெண் கொடுத்தவர்களும், அவர்களுக்கு வீடு வாடகைக்கு விட்டவர்களும் நம்மவர்களில் உண்டு. 1992இல் பிலிப்பீன்ஸ் சுபிக் பேயிலிருந்து அவர்களுடைய தளவாடப் பிரிவு செம்பவாங்குக்கு இடம் மாறியதிலிருந்து இந்த உறவு ஓடிக்கொண்டிருக்கிறது. நானே அப்படி வந்து மாட்டிக்கொண்டவன்தான். மன்னார்குடியில் பிறந்து, அமெரிக்கா போய், கடற்படையில் ஸ்டோர்கீப்பராகச் சேர்ந்து, செம்பவாங்கில் இரண்டு முறை வேலை பார்த்து, சோங் பாங் பெண்ணைக் கட்டி, ஓய்வு பெற்றபின் ஈசூனிலேயே உட்கார்ந்துவிட்டேன். (ஸ்டோர்கீப்பர் என்ற பெயரை 2009இல் லாஜிஸ்டிக்ஸ் ஸ்பெஷலிஸ்ட் என்று மாற்றினார்கள். வேலை என்னவோ அதே பெட்டி எண்ணுகிற வேலைதான்.) அதனால் இந்த மாதம் மத்திய சேமநிதிக் கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு, இவற்றையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மாப்பிள்ளை அமெரிக்கக் கடற்படையில் இருக்கிறார். சொந்த மாநிலம் பென்சில்வேனியா. 2022 ஆகஸ்டில் செம்பவாங்குக்கு மாற்றலாகி வந்தார். அதற்கு முன் வர்ஜீனியாவில் நார்ஃபோக். 2022க்கான கணக்கில் படைச் சம்பளத்துக்கு மாநில வரி இல்லை என்று போட்டிருந்தார். இப்போது “மாநிலத்துக்கு வெளியே பணியில் இருந்ததற்கு ஆதாரம் அனுப்பவும்” என்று கடிதம் வந்திருக்கிறது. அவர் கப்பலில் போயிருக்கிறார். வீட்டு வாடகை ஒப்பந்தத்தை அனுப்பினால் போதுமா என்று மகள் கேட்கிறாள். – செம்பவாங் வாசகி

பதில்: போதாது அம்மா. ஆனால் இதற்காகத் தூக்கம் கெடவும் வேண்டாம்.

அமெரிக்காவில் வருமான வரி இரண்டு அடுக்கு. மத்திய அரசுக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று. சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது விளங்கக் கொஞ்சம் நேரமாகும். என் மனைவிக்குப் பத்து வருஷம் ஆயிற்று. படைவீரர் எந்த ஊருக்கு மாற்றலானாலும், உத்தரவின் பேரில் போனதால் மட்டும் அவருடைய சொந்த மாநிலம் மாறிவிடாது. 2003இல் வந்த படைவீரர் நிவாரணச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆக, உங்கள் மாப்பிள்ளை செம்பவாங்கில் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் வரிக் கணக்கில் பென்சில்வேனியாக்காரர்தான். அந்த மாநிலம் எல்லோரிடமும் ஒரே விகிதத்தில், 3.07 விழுக்காடு வாங்குகிறது. ஆனால் மத்திய அரசின் முழுநேரப் படைப்பணியில் மாநிலத்துக்கு வெளியே சம்பாதித்த படைச் சம்பளத்துக்கு வரி கேட்பதில்லை. உங்கள் மாப்பிள்ளை போட்ட கணக்கு சரிதான். அதைக் காட்டுவதுதான் பாக்கி.

கடிதம் ஏன் வந்தது? ஆண்டு முடிவில் வரும் டபிள்யூ-2 சம்பளச் சான்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். சம்பளம் இருக்கும், சொந்த மாநிலத்தின் இரண்டெழுத்துச் சுருக்கம் இருக்கும். அவர் எந்த ஊரில் வேலை பார்த்தார் என்பது எங்கேயும் இருக்காது. முகவரியைப் பார்த்தாவது தெரிந்துகொள்ளலாம் என்றால், படைத் தபால் முகவரியில் ‘எஃப்.பி.ஓ. ஏ.பி.’ என்றுதான் வரும். ஏ.பி. என்றால் பசிபிக் வட்டாரம். சிங்கப்பூர் என்ற சொல்லே கிடையாது. அமெரிக்காவில் மேசையில் உட்கார்ந்திருக்கும் வரி அதிகாரிக்கு உங்கள் மாப்பிள்ளை ஜப்பானில் இருந்தாரா, குவாமில் இருந்தாரா, வீட்டிலேயே இருந்தாரா என்று எப்படித் தெரியும்? அவர் கேட்பதில் தப்பில்லை.

இங்கே என் கதையைச் சொல்லியாக வேண்டும். எனக்கும் ஒரு மாநிலத்திலிருந்து இதே மாதிரி கடிதம் வந்தது, நான் வேலை பார்த்த வருஷம் முடிந்து மூன்று ஆண்டுகள் கழித்து. மாற்றல் உத்தரவைத் தேடினேன், இல்லை. வீடு மாறும்போது குப்பையோடு போயிருக்கிறது. எனக்குக் கோபம். அந்த ஆண்டு தைப்பூசத்தில் நான் பால்குடம் எடுத்த படம் இருந்தது. பின்னால் பெருமாள் கோயில் கோபுரம், சிராங்கூன் சாலைப் பெயர்ப்பலகை, மூலையில் தேதி எல்லாம் பளிச்சென்று. ‘இதைவிட என்னய்யா சாட்சி வேண்டும்’ என்று அதைப் பெரிதாக்கி அனுப்பிவிட்டேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது: கிடைத்தது, நன்றி, ஆதாரம் அனுப்பவும்.

அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. அப்புறம் யோசித்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. நான் ஒரு நாள் சிராங்கூன் சாலையில் நின்றேன் என்றுதான் அந்தப் படம் சொல்கிறது. மிச்சம் 364 நாள்? லீவு போட்டுவிட்டுச் சாமி கும்பிட வந்தவனும் அதே மாதிரிப் படம் எடுக்கலாமே. அவர்களுக்கு வேண்டியது இரண்டு தேதிகளும் ஓர் உத்தரவும்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, யார் சொல்லி அங்கே இருந்தாய். வாடகை ஒப்பந்தத்தின் குறையும் அதேதான். செம்பவாங்கில் வீடு எடுத்தார் என்பதை அது காட்டும். எதற்காக எடுத்தார் என்று அதற்குத் தெரியாது.

உங்கள் வீட்டு விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது, மகள் அதைக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். கேள்வி 2022 முழுவதற்கும். சிங்கப்பூர்க் காகிதம் எதுவானாலும் ஆகஸ்டுக்குப் பின்தான் பேசும். ஜனவரி முதல் ஜூலை வரை அவர் நார்ஃபோக்கில் இருந்தார் என்பதையும் காட்ட வேண்டும். நார்ஃபோக்கும் பென்சில்வேனியாவுக்கு வெளியேதான், அதனால் வரி வராது. ஆனால் அந்த ஏழு மாதத்துக்குக் காகிதம் வைக்காவிட்டால், அந்த ஏழு மாதச் சம்பளத்துக்கு மட்டும் வரி கேட்டு இன்னொரு கடிதம் வரலாம்.

எனவே முதலில் மாற்றல் உத்தரவு. சிங்கப்பூருக்கு வரச் சொன்ன உத்தரவில் எந்தப் பிரிவிலிருந்து எந்தப் பிரிவுக்கு என்று இரண்டுமே இருக்கும். பழைய இடமும் அதிலேயே வந்துவிடுகிறது. ஆனால் உத்தரவு என்பது ‘போ’ என்று சொல்வது. போய்ச் சேர்ந்ததை அது காட்டாது. நடுவில் உத்தரவு ரத்தாவதும் தேதி தள்ளிப்போவதும் படையில் சர்வசாதாரணம். அதனால் கூடவே ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையையும் வையுங்கள். நாங்கள் இவால் என்போம். என்னைக் காப்பாற்றியது இவால்தான். என் மனைவி எல்லாக் காகிதத்தையும் ஒரு பெரிய மைலோ டின்னில் போட்டு வைப்பாள். கல்யாணப் பத்திரிகை, பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, அதற்கு நடுவே நான்கு இவால்கள். ஒவ்வொன்றிலும் கப்பல் அல்லது நிலையத்தின் பெயர், அங்கே வந்து சேர்ந்த தேதி, அறிக்கை எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரைக்கானது, கீழே மேலதிகாரி கையெழுத்து. இடம், காலம், அதிகாரம் மூன்றும் ஒரே தாளில். நல்ல வேலைக்காரன் என்று எழுதியிருப்பதும் இலவச இணைப்பு. ஒரு அறிக்கை முடிகிற தேதிக்கு மறுநாள் அடுத்தது தொடங்கும் என்பதால், இரண்டை அடுத்தடுத்து வைத்தால் வருஷத்தில் ஓட்டையே இருக்காது.

மாதச் சம்பளச் சீட்டும் உதவும். எல்.இ.எஸ். என்பார்கள். வெளிநாட்டில் வாடகை வீட்டில் இருப்பவருக்கு வெளிநாட்டு வீட்டுப்படி வரும். 2022 ஆகஸ்டு வாக்கில் பழைய வீட்டுப்படி நின்று இது தொடங்கியிருக்கும். அந்த மாற்றம் தெரிகிற மாதிரி முன்னும் பின்னும் இரண்டு சீட்டு எடுங்கள். ஆனால் ‘மைபே’ என்ற படைச் சம்பளத் தளத்தில் பழைய சீட்டுகள் என்றைக்கும் கிடக்காது. மாப்பிள்ளை அப்போதே இறக்கி வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

இவையும் கிடைக்காவிட்டால், அவருடைய பிரிவின் நிர்வாக அலுவலகத்தில் பணிச்சான்றுக் கடிதம் ஒன்று கேட்கலாம். பிரிவின் பெயர் அச்சிட்ட தாளில், இன்னார் இன்ன தேதியிலிருந்து சிங்கப்பூரில் இங்கே பணியில் இருக்கிறார் என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். மகளே போய்க் கேட்டால் கொடுக்க மாட்டார்கள். மாப்பிள்ளை கப்பலிலிருந்து ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டால் வேலை நடக்கும்.

அனுப்பும்போது சமூகப் பாதுகாப்பு எண்ணில் கடைசி நான்கு இலக்கம் தவிர மற்றதை மறைத்துவிடுங்கள். உத்தரவில் வேறு வீரர்கள் பெயர் இருந்தால் அதையும் கறுப்பு அடியுங்கள். கப்பல் எப்போது எந்தத் துறைமுகம் போகும் என்பது மாதிரி எதையும் வைக்காதீர்கள். வரிக்காரருக்கு அது வேண்டாம், வேறு யாருக்கும் போகவும் கூடாது. மூலப்பிரதியை அனுப்பவே அனுப்பாதீர்கள். கடிதத்தில் கெடு தேதி போட்டிருப்பார்கள். அதற்குள் காகிதம் சேராது போலிருந்தால், அவகாசம் கேட்டு முன்கூட்டியே எழுதிவிடுங்கள். சும்மா இருந்தால் ஆதாரம் இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு விஷயம். விலக்கு படைச் சம்பளத்துக்கு மட்டும்தான். பென்சில்வேனியாவில் அவருக்கு வீடு இருந்து வாடகை வந்தால், வங்கி வட்டி வந்தால், அதெல்லாம் அங்கே கணக்கில் வரும். அதையும் சேர்த்து மறைத்திருந்தால், முதலில் அதைச் சரி செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: என் தம்பி மகன் நியூயார்க்காரன், சாங்கிக்கு வந்து போகும் கப்பலில் இருக்கிறான். அவனோடு வேலை பார்ப்பவர், அவரும் நியூயார்க்தான், ஈசூனில் வாடகை வீட்டில் இருக்கிறார். அவருக்கு மாநில வரி இல்லையாம், இவனுக்கு உண்டாம். ஒரே படை, ஒரே சம்பளம். இது என்ன அநியாயம்? – பொத்தோங் பாசிர் வாசகர்

பதில்: அநியாயம் மாதிரித்தான் தெரியும் அண்ணே, ஆனால் நியூயார்க்கின் சட்டம் அப்படி. பென்சில்வேனியா ‘வேலை எங்கே’ என்று கேட்கிறது. நியூயார்க் ‘வீடு எங்கே’ என்று கேட்கிறது. அந்த மாநிலத்துக்காரர் வெளியூர்வாசியாகக் கணக்கில் வர மூன்று நிபந்தனை: ஆண்டு முழுவதும் நியூயார்க்கில் நிலையான வீடு இருக்கக்கூடாது, வெளியே நிலையான வீடு இருக்க வேண்டும், அந்த ஆண்டில் நியூயார்க்கில் 30 நாளுக்கு மேல் தங்கியிருக்கக்கூடாது. கப்பலில் இருக்கும் படுக்கையும் படைமுகாம் அறையும் நிலையான வீடு ஆகாது. உங்கள் பையனுக்கு இரும்புக் கட்டில்தான் வீடு, அதனால் வரி. ஈசூன்காரருக்குச் சொந்தச் சாவி இருக்கிறது, அதனால் விலக்கு.

மேலே செம்பவாங் அம்மாவுக்கு வாடகை ஒப்பந்தம் போதாது என்றேன். இங்கே அதே ஒப்பந்தம்தான் முதல் ஆதாரம். நம் ஊரில் வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும் அல்லவா, உள்நாட்டு வருவாய் ஆணையம் தரும் அந்தச் சான்றிதழையும் சேர்த்து வைத்தால் ஒப்பந்தம் பின்னால் எழுதியது இல்லை என்று தெரியும். மின்சாரம், தண்ணீர்க் கட்டணச் சீட்டு சில மாதத்துக்கு வைத்தால் ஆள் குடியிருந்தார் என்றும் தெரியும்.

உங்கள் பையனும் இனி வீடு எடுக்கப் போகிறான் என்றால் அந்த 30 நாளை மறக்க வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு பையன் எல்லாம் சரியாக வைத்திருந்தான். அக்கா கல்யாணத்துக்கு லீவில் போனான், நிச்சயதார்த்தம், கல்யாணம், மறுவீடு என்று ஐந்து வாரம் இருந்துவிட்டான். 35 நாள், அந்த ஆண்டுக்கான விலக்கு போயிற்று. வந்த நாளையும் போன நாளையும் சேர்த்தே எண்ணுங்கள். விமானச் சீட்டையும் லீவுத் தாளையும் வைத்திருக்கச் சொல்லுங்கள். கடப்பிதழ் முத்திரையை நம்ப வேண்டாம். சிங்கப்பூரில் இப்போது முத்திரை குத்துவதே இல்லை.

இன்னொன்று: இல்லினாய், மிச்சிகன் மாதிரி சில மாநிலங்கள் படைச் சம்பளத்துக்கு எங்கே இருந்தாலும் வரி கேட்பதில்லை. டெக்சஸ், ஃபுளோரிடாவில் மாநில வருமான வரியே கிடையாது. உடனே ‘சொந்த மாநிலத்தைப் படைக்கு எழுதிக் கொடுக்கும் டி.டி. 2058 படிவத்தில் டெக்சஸ் என்று மாற்றிவிடலாமே’ என்று பையன்கள் கேட்பார்கள். படிவத்தை மாற்றினால் சம்பளப் பிடித்தம் மாறும், சட்டப்படி வசிக்கும் மாநிலம் மாறாது. அங்கே நிஜமாகவே இருந்து, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பதிவு, வண்டிப் பதிவு எல்லாம் அங்கே மாற்றியிருக்க வேண்டும். டெக்சஸில் கால் வைக்காத டெக்சஸ்காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் சிலர் பின்னால் பழைய மாநிலத்துக்கு வட்டியோடு கட்டியதையும் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: என் கணவர் 2015இல் படையை விட்டு விலகினார். பழைய ஆண்டு ஒன்றுக்கு ஆதாரம் கேட்கிறார்கள். கையில் டி.டி. 214 (பணி விடுவிப்புச் சான்று) மட்டும் இருக்கிறது. – உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: டி.டி. 214ஐ எல்லோரும் சர்வரோக நிவாரணி என்று நினைக்கிறார்கள், அக்கா. அதில் கடைசியாக வேலை பார்த்த இடம் இருக்கும். வெளிநாட்டுச் சேவை மொத்தம் இத்தனை வருஷம், மாதம், நாள் என்று இருக்கும். எந்த நாடு, எந்த ஆண்டு என்று இருக்காது. கேட்கிற ஆண்டு கடைசிப் பணியிடத்துக் காலம் என்றால் ஓரளவு உதவும். அதற்கு முந்தைய காலம் என்றால் உதவாது. செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு எஸ்.எஃப். 180 படிவத்தில் எழுதி, பணியிட வரலாற்றுத் தாளும் இவால்களும் வேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள். சும்மா ‘ஆவணம் அனுப்பவும்’ என்று எழுதினால் இன்னொரு டி.டி. 214தான் வரும். கணவரே கையெழுத்துப் போட வேண்டும். அந்த மையத்தில் 1973 ஜூலையில் பெரிய தீ விபத்து நடந்ததாகச் சொல்லி யாராவது பயமுறுத்தினால் கேட்காதீர்கள். எரிந்தவை பழைய தரைப்படை, விமானப்படைக் கோப்புகள்.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய கப்பல் ஒரே ஒரு நாள் வளைகுடாப் பக்கம் போனாலும் மாதச் சம்பளம் முழுவதற்கும் வரி கிடையாது என்று கோப்பிக் கடையில் சொல்கிறார்கள். கதையா? – புக்கிட் பாத்தோக் வாசகர்

பதில்: கதையில்லை. ஆனால் இது முதலில் மத்திய அரசு வரி சம்பந்தப்பட்டது. அரேபியத் தீபகற்பப் போர்மண்டலம் என்று 1991 ஜனவரி 17 முதல் ஒரு எல்லை நடப்பில் இருக்கிறது. பாரசீக வளைகுடா, செங்கடல், ஓமான் வளைகுடா, ஏடன் வளைகுடா, அரபிக்கடலில் ஒரு பகுதி எல்லாம் அதற்குள் வரும். அங்கே மாதத்தில் ஒரு நாள் பணியில் இருந்தாலும், அதிகாரி அல்லாத வீரர்களுக்கு அந்த மாதப் படைச் சம்பளம் முழுவதும் வரிக்கு வெளியே. அதிகாரிகளுக்கு உச்சவரம்பு உண்டு. மலாக்கா நீரிணையும் தென்சீனக் கடலும் அதில் சேராது, எத்தனை கொந்தளிப்பாக இருந்தாலும்.

யார் எப்போது எல்லைக்குள் போனார் என்பதைக் கப்பல்தான் சம்பள அலுவலகத்துக்குச் சொல்லும். சம்பளச் சீட்டில் அது ஏறியதா என்று அந்த மாதமே பார்த்துவிட வேண்டும். ஆண்டு முடிவில் டபிள்யூ-2வின் 12ஆம் கட்டத்தில் ‘கியூ’ எழுத்துக்கு நேரே அந்தத் தொகை வரும். வராவிட்டால் திருத்திய சான்று கேட்க வேண்டும், தானாகக் கழித்துக்கொள்ளக் கூடாது.

கேள்வி: என் மகன் தேசிய சேவையை முடித்தவன். போன ஆண்டு பயிற்சிக்கு ஆஸ்திரேலியா அழைத்துப் போனார்கள். வரிச் சலுகைக்கு அந்தப் பயண ஆதாரத்தை வைத்துக்கொள்ள வேண்டுமா? எனக்கும் ஏதோ சலுகை உண்டு என்கிறார்கள். – தெம்பனிஸ் வாசகர்

பதில்: வேண்டாம். இந்த மாதம் எழுதிய மற்றவர்கள் உங்களைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். நம் ஊரில் படையின் பதிவுகளிலிருந்தே வருவாய் ஆணையத்துக்குத் தகவல் போய்விடும், நீங்கள் எதுவும் கோர வேண்டியதில்லை. முந்தைய பணியாண்டில் பயிற்சிக்குப் போயிருந்தால் மகனுக்கு 3,000 வெள்ளி, போகாவிட்டால் 1,500 வெள்ளி. முக்கியப் பொறுப்பில் இருந்தால் அதற்கு மேல் 2,000 வெள்ளி. பயிற்சி ஆஸ்திரேலியாவிலா, இங்கேயே தெக்கோங் தீவிலா என்பது கணக்கில் இல்லை. பணியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை என்பதை மட்டும் கவனியுங்கள். மகன் ஏப்ரலில் போய்விட்டு ‘போன ஆண்டுக் கணக்கில் வரவில்லையே’ என்று கேட்டால் காரணம் அதுதான்.

பெற்றோர் என்ற முறையில் உங்களுக்கு 750 வெள்ளி. வரி கட்டுகிற அம்மாவுக்கும் தனியாக 750. இரண்டு மகன்கள் சேவை செய்தாலும் அதே 750தான். வரி மதிப்பீட்டு நோட்டீசில் அது இல்லையென்றால், நோட்டீசு தேதியிலிருந்து 30 நாளுக்குள் ஆட்சேபம் எழுத வேண்டும்.